இளம் கறுப்பினப் பெண் செயற்பாட்டாளர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உகாண்டாவின் வனெசா நக்காட்டே, கென்யாவின் எலிசபெத் வதூட்டி, அமெரிக்காவின் டெஸ்டினி வாட்ஃபோர்ட், மாரி கோப்பெனி, தென்னாப்பிரிக்காவின் அயாக்கா மெலிதாஃபா. இவர்கள் சுற்றுச்சூழலுக்காகப் போராடும் இளம் கறுப்பினப் பெண்கள். இவர்களில் ஒருவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை எழுத வேண்டும், அல்லது இருக்கிற கட்டுரையைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விக்கிப்பீடியாவில் இதுவரை ஒரு வரிகூடத் தொகுக்காதவர்களும் பின்பற்றலாம்.

பயிலரங்குகளில் புதியவர்கள் இந்தக் கட்டுரைகளை எழுதுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தொழில்நுட்பத்தில் தடுக்கி விழுபவர்கள் குறைவு. பெரும்பாலோர் வரிசையில்தான் தவறுகிறார்கள். பிறந்த தேதியில் தொடங்கி, உடனே விருதுப் பட்டியலுக்குத் தாவி, நடுவில் அந்தப் பெண் செய்த வேலைக்கு இரண்டு வரி ஒதுக்கிவிடுகிறார்கள். படித்து முடித்தவருக்கு அவர் புகழ்பெற்றவர் என்பது மட்டும்தான் தெரியும், எதற்காகப் போராடினார் என்பது தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் ஒரே நோக்கத்தில் அமைந்தது: முதலில் வேலை, அப்புறம்தான் வாழ்க்கைக் குறிப்பு.

1. உட்காரும் முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு பயனர் கணக்கு தொடங்குங்கள். கணக்கு இருந்தால் உங்களுக்கென ஒரு மணல்தொட்டி இருக்கும். வரைவை அங்கே வைத்து, அவசரமில்லாமல் திருத்தலாம். யாராவது கேள்வி கேட்டால் உங்கள் பேச்சுப் பக்கத்தில் வந்து கேட்பார்கள்.

கணினி இருந்தால் கணினியிலேயே செய்யுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்துவிடலாம். ஆனால் நான்கைந்து செய்திகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்துத் தேதிகளை ஒப்பிடுவது சிரமம், அங்கேதான் பிழைகள் நுழைகின்றன.

ஒரு வரைபடத்தையும் திறந்து வையுங்கள். நக்காட்டேயின் கம்பாலா விக்டோரியா ஏரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, கோப்பெனியின் ஃப்ளின்ட் நகரம் டெட்ராய்ட்டுக்கு எந்தப் பக்கம், வாட்ஃபோர்டின் கர்டிஸ் பே துறைமுகத்தை ஒட்டி எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதினால் கட்டுரையில் இடம் தெளிவாக வரும். சூழலியல் அநீதி எப்போதும் ஓர் இடத்தில்தான் நடக்கிறது. அந்த இடம் மங்கலாக இருந்தால் போராட்டமும் மங்கலாகிவிடும்.

2. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

ஆர்வத்தில் ஐந்து பேரை எடுத்துக்கொண்டு ஐந்து குறுங்கட்டுரை எழுதுபவர்கள் உண்டு. வேண்டாம். ஒருவரை முழுமையாக எழுதுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி: இவரைப் பற்றி, இவருக்குத் தொடர்பில்லாத நம்பகமான ஊடகங்கள் விரிவாக எழுதியிருக்கின்றனவா? விக்கிப்பீடியாவில் இதைக் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். சமூக வலைத்தளத்தில் லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்கள் இருப்பது இதற்குச் சான்றாகாது. மேலே நான் சொன்ன ஐந்து பேருமே இந்த அளவுகோலைத் தாண்டியவர்கள், ஆகவே முதல் கட்டுரைக்கு ஏற்றவர்கள்.

3. கட்டுரை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

ஆப்பிரிக்கப் பெயர்களைத் தமிழில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். சுலபமான வழி: ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து, பக்கத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லாவிட்டாலும், யாராவது எழுதிவிட்டு இணைக்காமல் விட்டிருக்கலாம். அதனால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்ப்பது நல்லது.

பெயரை எப்படி எழுதுவது? அவர் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு காணொளியைக் கேட்டு, அந்த ஒலிக்கு அருகில் எழுதுங்கள். மற்ற எழுத்துக்கூட்டல்களுக்கு, அவற்றில் தேடுபவரை இதே கட்டுரைக்குக் கொண்டுவரும் வழிமாற்றுப் பக்கம் உருவாக்கிவிடலாம். இதற்கு மேல் இதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

4. செய்த வேலையை முதலில் சேகரியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் கேட்கும் படி இதுதான். கட்டுரையில் ஒரு வாக்கியமும் எழுதுவதற்கு முன், ஒரு தாளில் தேதி வாரியாக நடந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: எப்போது, எங்கே, யாரிடம் என்ன கேட்டார்கள், என்ன நடந்தது.

டெஸ்டினி வாட்ஃபோர்டை எடுத்துச் செய்து காட்டுகிறேன். மேரிலாந்து மாநிலம், பால்டிமோர் நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கர்டிஸ் பே அவருடைய ஊர். தாள் இப்படி வரும்:

2010: நாளொன்றுக்கு 4,000 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு மாநில அரசு அமைப்பு அனுமதி தருகிறது. இடம், வாட்ஃபோர்ட் படித்த உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில்.

2011: குப்பையை எரித்து எடுக்கும் மின்சாரத்தைச் சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்துக்கு இணையான வகையில் மாநிலச் சட்டம் சேர்க்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டுகள்: வாட்ஃபோர்டும் சக மாணவர்களும் ‘ஃப்ரீ யுவர் வாய்ஸ்’ என்ற குழுவாகச் சேர்கிறார்கள். வீடு வீடாகப் போகிறார்கள். ஆலை வரப்போவதே அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியவில்லை.

அப்புறம்: அந்த ஆலையின் மின்சாரத்தை வாங்க ஒப்பந்தம் செய்திருப்பவர்களில் பால்டிமோர் நகரப் பள்ளி நிர்வாகமும் ஒன்று என்று கண்டுபிடிக்கிறார்கள்.

2014: பள்ளி வாரியத்தின் முன் போய்ப் பேசுகிறார்கள்.

2015: பள்ளி நிர்வாகம் விலகுகிறது. மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்டிருந்த 22 வாடிக்கையாளர்களும் விலகுகிறார்கள். டிசம்பரில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் உள்ளிருப்புப் போராட்டம். சிலர் கைதாகிறார்கள்.

மார்ச் 2016: கட்டுமானம் நீண்ட காலம் நின்றுபோனதால் ஆலையின் அனுமதி காலாவதியாகிவிட்டது என்று சுற்றுச்சூழல் துறை அறிவிக்கிறது.

ஏப்ரல் 2016: களத்தில் நின்று போராடும் சூழலியல் செயற்பாட்டாளர்களுக்கு வழங்கப்படும் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது.

இந்தத் தாளைப் பார்த்தவுடனேயே கட்டுரையின் மையம் எது என்று தெரிந்துவிடும். ஆலையின் மின்சாரத்தை யார் வாங்குகிறார்கள் என்று தேடிப் போனதுதான் இந்தப் போராட்டத்தின் திருப்புமுனை. ஆலையை நேரடியாக எதிர்ப்பதோடு நிற்காமல், அதற்குப் பணம் வரும் வழியைப் பிடித்தார்கள். அதிலும் தாங்கள் படிக்கும் பள்ளிகளின் நிர்வாகத்திடமே போய் ஒப்பந்தத்தைக் கைவிடச் சொன்னார்கள். விருதிலிருந்து தொடங்கி எழுதியிருந்தால் இது ‘மாணவர்களைத் திரட்டிப் போராடினார்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிப் போயிருக்கும்.

இன்னொரு விஷயமும் தாளில்தான் தெரியும். இது ஒரு குழுவின் வெற்றி. சக மாணவர்கள் இருந்தார்கள், ‘யுனைடெட் வொர்க்கர்ஸ்’ என்ற தொழிலாளர் அமைப்பு துணை நின்றது. எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் எழுதிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ‘வாட்ஃபோர்ட் ஆலையைத் தடுத்து நிறுத்தினார்’ என்று எழுதாமல் ‘வாட்ஃபோர்ட் வழிநடத்திய மாணவர் குழு’ என்று எழுதுங்கள். அவருடைய பங்கு இதனால் குறைந்துவிடாது. தலைமை என்றால் என்ன என்பதே இப்போதுதான் வாசகருக்குப் புரியும்.

5. சான்றுகளை ஊருக்குப் பக்கத்திலிருந்து தேடுங்கள்

தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று வேண்டும். தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அந்த ஊர் அல்லது நாட்டின் செய்தித்தாள், அடுத்து பன்னாட்டு ஊடகம், கடைசியில் அவருடைய அமைப்பின் சொந்தத் தளம்.

காரணம் எளிது. உகாண்டாவின் டெய்லி மானிட்டரும் நியூ விஷனும் கம்பாலாவில் நடந்ததைக் கம்பாலா வாசகர்களுக்கு எழுதுகின்றன. எந்தச் சாலை, எந்த அலுவலகம், காவல்துறை என்ன சொன்னது என்ற விவரங்கள் அங்கே கிடைக்கும். லண்டனிலிருந்து எழுதும் கட்டுரையில் ‘ஆப்பிரிக்க இளைஞர்கள்’ என்று பொதுவாகப் போய்விடும். பால்டிமோருக்கு பால்டிமோர் சன், தென்னாப்பிரிக்காவுக்கு மெயில் அண்ட் கார்டியன், கென்யாவுக்கு நேஷன் என்று தொடங்குங்கள்.

சொந்தத் தளத்தை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. அமைப்பு தொடங்கிய ஆண்டு, அதன் நோக்கம் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். எண்ணிக்கைகளில் மட்டும் கவனம் வேண்டும். மரம் நடும் இயக்கங்களில் இது பெரிய சிக்கல். உகாண்டாவின் லியா நமுகேர்வா தன் 15ஆம் பிறந்த நாளுக்கு 200 மரங்கள் நட்டார் என்பது பல ஊடகங்கள் எழுதிய செய்தி, தாராளமாக எழுதலாம். ஆனால் ஓர் அமைப்பு ‘இத்தனை ஆயிரம் மரங்கள் நட்டோம்’ என்று தானே சொல்லும்போது, ‘அமைப்பின் கூற்றுப்படி’ என்று சேர்த்துவிடுங்கள். நட்டது வேறு, பிழைத்து வளர்ந்தது வேறு என்பதும் நினைவிருக்கட்டும். எலிசபெத் வதூட்டி 2016இல் தொடங்கிய ‘கிரீன் ஜெனரேஷன் இனிஷியேட்டிவ்’ பள்ளிகளில் பழ மரங்களை நட்டு, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கிறது. இந்த முறையை விளக்குவதுதான் வாசகருக்குப் பயன்படும். மொத்த எண்ணிக்கை அடுத்த ஆண்டே மாறிவிடும்.

6. முதல் வரி

இப்போது மணல்தொட்டியைத் திறந்து எழுதத் தொடங்கலாம். முதல் வரிக்குத் தனிப் படி ஒதுக்கியிருக்கிறேன். தேடுபொறிகள் பெரும்பாலும் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டும், பலர் இதை மட்டுமே படித்துவிட்டுப் போவார்கள்.

பயிலரங்கில் வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்: ‘டெஸ்டினி வாட்ஃபோர்ட் உலகையே வியக்க வைத்த துணிச்சலான இளம் கறுப்பினப் போராளி ஆவார்.’ இதில் ஒரு தகவலும் இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘டெஸ்டினி வாட்ஃபோர்ட் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த சூழலியல் செயற்பாட்டாளர். கர்டிஸ் பே பகுதியில் அமையவிருந்த குப்பை எரிஉலைக்கு எதிரான மாணவர் இயக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே வழிநடத்தினார். 2016இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார்.’ இடம், செயல், எதிர்த்தது எதை, எல்லாம் வந்துவிட்டது. வியப்பு வாசகருக்குத் தானாகவே வரும்.

முதல் வரியில் அடிக்கடி வரும் வேறு மூன்று தவறுகள்:

‘ஆப்பிரிக்காவின் கிரேட்டா துன்பர்க்.’ இதை எந்த நிலையிலும் எழுதாதீர்கள். பன்னாட்டு ஊடகங்கள் எழுதின என்பதற்காக நாமும் எழுத வேண்டியதில்லை. இவர்களில் பலர், வகுப்பைப் புறக்கணித்துப் போராடும் பள்ளி வேலைநிறுத்தம் என்ற வடிவத்தை ஸ்வீடனின் துன்பர்க்கிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், அதை அவர்களே சொல்கிறார்கள். அந்தத் தகவலைக் கட்டுரையின் உள்ளே, உரிய ஆண்டில் எழுதலாம். அடையாளமாகத் தலைப்பில் ஒட்டக் கூடாது.

உறவுமுறை. இஸ்ரா ஹிர்சி 2019இல் அமெரிக்க இளைஞர் காலநிலை வேலைநிறுத்த அமைப்பை இணைந்து நிறுவியவர். ‘நாடாளுமன்ற உறுப்பினர் இல்ஹான் ஒமரின் மகள்’ என்று தொடங்கினால், அவர் செய்தது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. தாயின் பெயருக்கு இடம், வாழ்க்கைக் குறிப்புப் பகுதி.

இன அடையாளம். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் என்பது போராட்டத்தின் உள்ளேயே இருக்கும் விஷயம். எந்தப் பகுதியில் ஆலை வருகிறது, எந்த நகரத்தின் தண்ணீரைப் பற்றிய புகாரை அதிகாரிகள் அலட்சியப்படுத்துகிறார்கள் என்பதில் இனத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே சான்று சொல்லும் இடத்தில் அதை விளக்கி எழுதுங்கள். உகாண்டாவில் வாழும் ஒருவரை ‘கறுப்பின உகாண்டாப் பெண்’ என்று அறிமுகப்படுத்துவதில் பொருளில்லை. அவர் உகாண்டாக்காரர், அது போதும். நக்காட்டே சுவிட்சர்லாந்தின் டாவோசில் ஒரு படத்திலிருந்து நீக்கப்பட்டபோதுதான் (8ஆம் படியில் வருகிறது) இனம் செய்தியானது. அந்த இடத்தில் அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

7. போராட்டத்தின் பின்னணியை எழுதுங்கள்

வேலையை எழுதும் பகுதிதான் கட்டுரையில் மிக நீளமாக இருக்க வேண்டும். அதற்குள் முதலில் பிரச்சினை என்ன என்று விளக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

மாரி கோப்பெனி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016இல், எட்டு வயதில், அதிபர் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார், ஒபாமா மே மாதம் ஃப்ளின்ட் வந்தார். இதைப் படித்தவர்கள் ‘அந்தச் சிறுமியின் கடிதத்தால் ஃப்ளின்ட் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். நடந்தது வேறு. செலவைக் குறைப்பதற்காக ஏப்ரல் 2014இல் நகரின் குடிநீரை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அந்த நீர் குழாய்களை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் உட்புறம் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து, ஈயம் குடிநீரில் கலந்தது. மக்கள் நிறமும் நாற்றமும் மாறியதைச் சொல்லிப் புகார் செய்தும் நீண்ட காலம் ‘தண்ணீர் பாதுகாப்பானது’ என்றே பதில் வந்தது. அக்டோபர் 2015இல் பழைய நீராதாரத்துக்குத் திரும்பினார்கள். அதாவது கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே.

அப்படியானால் கடிதம் என்ன செய்தது? கெட்டுப்போன குழாய்கள் தரைக்கு அடியில் அப்படியே இருந்தன. மக்கள் புட்டித் தண்ணீரில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பிரச்சினை முடிந்துவிட்டது என்று நாடு மறக்கத் தொடங்கும் நேரத்தில் கவனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது அந்தக் கடிதம். அதன் பிறகும் கோப்பெனி நிற்கவில்லை. புட்டித் தண்ணீர் வினியோகித்தார், பின்னர் நீர் வடிகட்டிகளுக்காக நிதி திரட்டினார். இந்த வரிசையில் எழுதினால் அவர் செய்தது சரியான அளவில் தெரியும்.

உகாண்டாவிலும் பின்னணி முக்கியம். நக்காட்டே ஜனவரி 2019இல் கம்பாலாவில் பதாகையுடன் நின்றபோது கூட்டம் சேரவில்லை. ஸ்டாக்ஹோமையும் பெர்லினையும் மனதில் வைத்துப் படிப்பவர்கள் இதை ஆதரவின்மை என்று எழுதுகிறார்கள். அப்போது உகாண்டாவில் 2013ஆம் ஆண்டின் பொது ஒழுங்கு மேலாண்மைச் சட்டப்படி கூட்டம் கூடுவதற்கு முன் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டியிருந்தது. வகுப்பைப் புறக்கணிக்கும் மாணவர் பள்ளியிலிருந்து நீக்கப்படலாம் என்ற பயமும் உண்டு. அங்கே ஒருவர் தனியாக நிற்பதன் எடை வேறு. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்க்காமல் அந்தப் பகுதியை முடிக்காதீர்கள்.

அவர் செய்த மற்ற வேலைகளையும் தேடி எடுங்கள். ‘ரைஸ் அப்’ இயக்கம், பள்ளிகளில் சூரிய மின்தகடுகளும் விறகைக் குறைவாகப் பயன்படுத்தும் அடுப்புகளும் அமைக்கும் திட்டம், உகாண்டாவின் ஹொய்மாவிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் நீளும் கச்சா எண்ணெய்க் குழாய்க்கு எதிரான பரப்புரை. பள்ளிச் சமையலறை விறகடுப்பிலிருந்து பன்னாட்டு எண்ணெய் நிறுவனம் வரை அவர் தொட்டிருக்கிறார். கட்டுரையில் இது தெரிய வேண்டும்.

முடிவுகளைத் துல்லியமாக எழுதுங்கள். செப்டம்பர் 2019இல் அயாக்கா மெலிதாஃபா உட்பட 16 பிள்ளைகள் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடம் மனு கொடுத்தார்கள். இந்தியாவின் ரிதிமா பாண்டேவும் அதில் ஒருவர். அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி ஆகிய ஐந்து நாடுகள்மீது புகார். இதை ‘ஐ.நா.மீது வழக்கு’ என்றும், ‘வழக்கில் வென்றார்கள்’ என்றும் எழுதியவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. அந்தந்த நாட்டு நீதிமன்றங்களை முதலில் அணுகவில்லை என்பதால் அக்டோபர் 2021இல் மனு ஏற்கப்படவில்லை. ஆனால் ஒரு நாட்டின் கரியமில உமிழ்வு எல்லை தாண்டிப் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்குக்கு அந்த நாட்டைப் பொறுப்பாக்க முடியும் என்று குழு ஒப்புக்கொண்டது. தோல்வியையும் அதற்குள் கிடைத்ததையும் இரண்டையும் எழுதுங்கள். மெலிதாஃபா கேப் டவுனின் கடும் வறட்சியைக் கண்டவர் என்பதையும் மனுவுக்கு முன்னால் சொல்லிவிட்டால், ஒரு பள்ளி மாணவி ஏன் அங்கே போனார் என்று புரியும்.

8. டாவோஸ் படத்துக்கு எவ்வளவு இடம்?

நக்காட்டேயைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். ஜனவரி 2020இல் டாவோசில் அவர், துன்பர்க், லூயிசா நொய்பவர், இசபெல் அக்செல்சன், லூகினா டீல் ஆகிய ஐவரும் சேர்ந்து நின்ற படத்தை அசோசியேட்டட் பிரஸ் எடுத்தது. வெளியானபோது நக்காட்டே வெட்டப்பட்டிருந்தார். மற்ற நால்வரும் வெள்ளையர்கள். அவர் கேள்வி கேட்டார். அந்த நிறுவனம் படத்தை மாற்றியது, அதன் நிர்வாக ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார்.

இது கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டும். யாருடைய முகம் காலநிலைப் போராட்டத்தின் முகமாகக் காட்டப்படுகிறது என்ற விவாதம் உலகம் முழுக்கப் பரவியது இதனால்தான். ஆனால் ஒரு பத்தி போதும். கட்டுரையில் பாதி இதுவே ஆனால், அவருக்கு இழைக்கப்பட்டது அவர் செய்ததைவிடப் பெரிதாகிவிடும். ஓராண்டாக அவர் தெருவில் நின்றதை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு இந்தப் பத்தியை வையுங்கள்.

9. வாழும் மனிதர், அதிலும் சிறு வயதினர்

இவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். சிலர் செய்திகளில் வந்தபோது குழந்தைகள். சான்றில்லாத ஒரு வரியும் இருக்கக் கூடாது. பாராட்டுக்கும் இதே விதிதான்.

தம்பி தங்கையர் பெயர், படிக்கும் பள்ளியின் முகவரி, வீடு இருக்கும் தெரு, உடல்நலம் போன்றவற்றைச் செய்தியில் வந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். இணையத்தில் இந்தப் பெண்கள் சந்திக்கும் வசைகள் மிக அதிகம். நாம் தொகுத்துக் கொடுக்கும் தகவல் அவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு வழி காட்டிவிடக் கூடாது. பிறந்த தேதியில் சந்தேகம் இருந்தால் ஆண்டு மட்டும் போதும்.

10. படம்

இணையத்தில் பார்த்த படத்தை எடுத்துப் பதிவேற்றாதீர்கள். செய்தி நிறுவனப் படமும் இன்ஸ்டாகிராம் படமும் காப்புரிமைக்கு உட்பட்டவை, நீக்கப்படும். வாழும் ஒருவரைப் புதிதாகப் படமெடுக்க முடியும் என்பதால், வேறு வழியில்லாமல் காப்புரிமைப் படத்தைப் பயன்படுத்தும் நியாயப் பயன்பாடு என்ற வாதமும் எடுபடாது. கட்டற்ற படங்களின் சேமிப்பகமான விக்கிமீடியா பொதுவகத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். மாநாடுகளில் எடுத்து, கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட படங்கள் கிடைக்கலாம். கிடைத்தால், படத்தில் இருப்பவர் அவர்தானா என்று இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்கப் பெண் ஒருவரின் படத்துக்கு வேறொரு பெண்ணின் பெயரைப் போடும் பிழை பெரிய ஊடகங்களிலேயே நடந்திருக்கிறது. படம் கிடைக்காவிட்டால் படம் இல்லாமலே வெளியிடலாம்.

11. வெளியிடுதல்

வரைவை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கில வாக்கியத்தின் முதுகெலும்பு தெரிகிற இடத்தை உடைத்து எழுதுங்கள். விக்கிப்பீடியாவின் உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் இது இன்னும் அவசியம். ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்த பகுதி இருந்தால், சேமிக்கும்போது கேட்கப்படும் தொகுப்புச் சுருக்கத்தில் அந்தக் கட்டுரையின் பெயரைக் குறிப்பிடுங்கள். உரிமம் அதைக் கேட்கிறது.

பிறகு இந்த வரிசையில் போங்கள்: தகவற்சட்டம் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கத் தகவல் பெட்டி), உள்ளிணைப்புகள் (மற்ற விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கான இணைப்புகள்), மேற்கோள்கள் பகுதி, பகுப்புகள் (கட்டுரையை வகைப்படுத்தும் தலைப்புகள்). தகவற்சட்டத்தைக் கடைசி வேலைகளோடு வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலில் அதை நிரப்பத் தொடங்குபவர்கள் பெற்றோர் பெயர், உயரம் என்று காலிக் கட்டங்களைத் தேடி அலைகிறார்கள். பகுப்புகளில் ‘வாழும் நபர்கள்’, நாடு, சூழலியல் செயற்பாட்டாளர் ஆகியவை போதும். இனம் சார்ந்த பகுப்பைச் சான்று இருந்தால் மட்டும் சேர்க்கவும். வெளியிட்டதும், எல்லா மொழிக் கட்டுரைகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் தரவுத்தளமான விக்கித்தரவில் மற்ற மொழிக் கட்டுரைகளோடு இணைத்துவிடுங்கள்.

12. வெளியிட்ட பின்

கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் நடக்கும் மாற்றங்கள் உங்களுக்குத் தெரியவரும். இத்தகைய கட்டுரைகளில் விஷமத் தொகுப்புகள் வருவதுண்டு. வந்தால் வரலாற்றுப் பக்கத்திலிருந்து மீட்டுவிடலாம். திரும்பத் திரும்ப நடந்தால் நிர்வாகிகளிடம் சொல்லுங்கள், நீங்கள் சண்டையில் இறங்க வேண்டாம்.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது புதுப்பியுங்கள். இவர்கள் இளையவர்கள், வேலை தொடர்கிறது. நக்காட்டே செப்டம்பர் 2022இல் யுனிசெஃப் நல்லெண்ணத் தூதர் ஆனார். 2020ஆம் ஆண்டோடு நின்றுபோன ஒரு கட்டுரையைப் படிப்பவருக்கு அவர் இன்னும் அந்தப் படத்துக்கு வெளியே நிற்பதாகவே தோன்றும்.

கட்டுரையில் சிவப்பாகத் தெரியும் இணைப்புகளைக் குறித்து வையுங்கள், அந்தப் பெயர்களில் கட்டுரை இல்லை என்று பொருள். கர்டிஸ் பே, ஃப்ளின்ட் குடிநீர் நெருக்கடி, கிழக்கு ஆப்பிரிக்கக் கச்சா எண்ணெய்க் குழாய் போன்றவை தனிக் கட்டுரையாக இல்லையென்றால் அடுத்து எழுத வேண்டியவை அவைதான். சந்தேகம் எழுந்தால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேளுங்கள், பழைய பயனர்கள் வந்து பதில் சொல்வார்கள்.